இயந்திரம் ஓடியது, பெட்டி போகவில்லை: விமான நிலைய உடைமைக் கையாளும் அமைப்புகளின் நம்பகத்தன்மை குறித்து டென்வர், ஹீத்ரோ நிகழ்வு ஆய்வு

மதிப்பீட்டின் கேள்வி

பயணி ஒருவர் செக்-இன் கவுன்ட்டரில் ஒப்படைக்கும் பெட்டி, எடை பார்க்கும் பெல்ட்டிலிருந்து சேகரிப்புக் கன்வேயருக்கும், அங்கிருந்து எக்ஸ்ரே சோதனைக்கும், பின்னர் பார்கோடு ஸ்கேனர்களைக் கடந்து பிரித்தனுப்பும் தடத்துக்கும், கடைசியாக அந்த விமானத்துக்கென ஒதுக்கப்பட்ட சரிவுக்கும், அதாவது பெட்டிகள் வழுக்கி இறங்கிச் சேரும் தளத்துக்கும், சென்று சேர்கிறது. அங்கே நிற்கும் ஊழியர் அதைக் கைக்கருவியால் ஸ்கேன் செய்து வண்டியில் ஏற்றுகிறார். இந்த முழுப் பயணத்தையும் தாங்கும் அமைப்பு நம்பகமானதா என்று கேட்டால், ஒப்பந்த ஆவணங்கள் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் பதிலாகத் தருகின்றன: ஆண்டில் இத்தனை சதவீத நேரம் அமைப்பு இயங்கும் நிலையில் இருக்கும் என்னும் இயங்கு விகிதம்.

அந்த எண் தவறானது அல்ல. ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில். விமான நிலையத்துக்குத் தேவைப்படுவது மோட்டார் ஓடுவதன்று, குறிப்பிட்ட பெட்டி குறிப்பிட்ட விமானத்தின் ஏற்றுதல் முடியும் நேரத்துக்குள் சரியான சரிவை அடைவது. ஆகவே நம்பகத்தன்மையின் அலகு பெட்டியாக இருக்க வேண்டும், அளவுகோல் விமானத்தின் கடிகாரமாக இருக்க வேண்டும் என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு. உடைமைக் கையாளும் அமைப்புகளின் வரலாற்றில் மிக நன்றாகப் பதிவாகியுள்ள இரண்டு தோல்விகளை, அதாவது 1994-95இல் டென்வரிலும் 2008இல் ஹீத்ரோ ஐந்தாம் முனையத்திலும் நேர்ந்தவற்றை, இந்த அலகைக் கொண்டு மறுபடி பார்த்தால், இரண்டும் வெவ்வேறு வகையான கோளாறுகள் என்பதும், வழக்கமான இயங்கு விகிதக் கணக்கு இரண்டையுமே முன்கூட்டிக் காட்டியிருக்காது என்பதும் தெளிவாகின்றன.

டென்வர்: கட்டி முடிக்கும் முன்பே தெரிந்திருந்த ஆபத்து

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள டென்வர் பன்னாட்டு விமான நிலையம் 1993 அக்டோபர் 31 அன்று திறக்கப்படும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. மூன்று தனித்தனிக் காத்திருப்புக் கூடங்களைச் சுரங்கப்பாதை வழியாக முதன்மை முனையத்தோடு இணைக்கும் அந்தத் திட்டத்தில், தூரம் பெரியதாக இருந்ததால், உடைமைகளை விரைந்து கொண்டுசெல்லும் வழி முக்கியமானதாயிற்று. தொடக்கத்தில் அந்தப் பொறுப்பு விமான நிறுவனங்களிடமே விடப்பட்டிருந்தது. யுனைடெட் நிறுவனம் தன் கூடத்துக்காக பிஏஇ ஆட்டோமேட்டட் சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு தனியே பேசியிருந்தது. 1991இல்தான் விமான நிலைய நிர்வாகம் முழு நிலையத்துக்கும் பொதுவான ஓர் அமைப்பு வேண்டும் என்று முடிவு செய்து விலைப்புள்ளி கோரியது. மூன்று நிறுவனங்களே முன்வந்தன. அவற்றுள் எதுவும் திறப்பு நாளுக்குள் முடித்துத் தர இயலாது என்று மதிப்பாய்வு கூறியது. அதன் பிறகும் திட்டம் சுருக்கப்படவில்லை. யுனைடெட்டுக்காக வடிவமைக்கப்பட்டதை விரித்து முழு நிலையத்துக்கும் பொருத்தும் ஒப்பந்தம் 1992 ஏப்ரலில் பிஏஇ நிறுவனத்தோடு செய்யப்பட்டது. திறப்புக்கு அப்போது எஞ்சியிருந்த காலம் ஒன்றரை ஆண்டு.

அமைப்பின் கருத்து துணிச்சலானது. பெட்டிகள் பெல்ட்டின் மீது நகர்வதற்குப் பதிலாக, ஒவ்வொரு பெட்டியும் தனக்கென ஒரு சிறு வண்டியில் ஏறித் தண்டவாளத்தில் ஓட வேண்டும். இவ்வாறு ஏறக்குறைய 4,000 வண்டிகள், அவற்றை வழிநடத்தச் சுமார் 100 கணினிகள், 5,000 ஒளிச் சென்சார்கள், 400 ரேடியோ ஏற்பிகள், 56 பார்கோடு ஸ்கேனர்கள் என்று திட்டமிடப்பட்டது. ஓடும் வண்டி முழுமையாக நிற்காமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ள, கன்வேயர் அந்த நொடியில் பெட்டியை அதன் தட்டில் தள்ளும். இறங்கும் இடத்திலும் தட்டு சாய்ந்து, ஓட்டத்திலேயே பெட்டியைக் கொட்டும்.

அந்த ஏற்றுமிடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும், ஏனெனில் டென்வரின் பல தோல்விகள் அந்தச் சில மீட்டர்களில்தான் நிகழ்ந்தன. வண்டி வருகிறது என்பதையும், அது காலியா நிரம்பியதா என்பதையும் ஓர் ஒளிச் சென்சார் பார்த்துச் சொல்ல வேண்டும். தூசி படிந்தோ, கட்டுமான வேலையின்போது எவரேனும் இடித்ததாலோ அந்தக் கண் சற்று விலகிவிட்டால், நிரம்பிய வண்டி காலியாகத் தெரியும். கன்வேயர் அதன் மீதே இன்னொரு பெட்டியைத் தள்ளும். இரண்டாவது பெட்டி தடத்தில் விழும். விழுந்த பெட்டியில் அடுத்த வண்டி மோதும். குவிந்து கிடக்கும் பெட்டிகளைச் சென்சார் பார்க்க முடியாத இடத்தில் அடைப்பு ஏற்பட்டால், நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாமல் மேலும் மேலும் பெட்டிகள் வந்து சேரும். அடைப்பை நீக்கி மறுபடி இயக்கும்போது எந்த வண்டி நிரம்பியது, எது காலி என்ற நினைவைக் கட்டுப்பாட்டு மென்பொருள் இழந்திருந்ததால், பழுது நீக்கமே அடுத்த பழுதுக்கு வழிவகுத்தது. 1994 ஏப்ரலில் செய்தியாளர்களை அழைத்து நடத்தப்பட்ட செயல்விளக்கத்தில் பெட்டிகள் நசுங்கி, துணிமணிகள் தடத்துக்குக் கீழே சிதறிக் கிடந்த காட்சியை நாடே பார்த்தது. அந்த விளக்கம் நடக்கப்போவது அமைப்பைக் கட்டிய நிறுவனத்துக்கு முன்னதாகத் தெரிவிக்கப்படவில்லை. மே 15 என்று குறிக்கப்பட்டிருந்த நான்காவது திறப்பு நாளும் அத்தோடு கைவிடப்பட்டது.

சிதறிய துணிகள் படங்களில் இடம்பெற்றதால் டென்வரின் கதை இயந்திரக் கோளாறின் கதையாகவே பலரால் நினைவுகூரப்படுகிறது. என் கணிப்பில் அது பிரச்சினையின் சிறிய பாதி. சென்சாரைத் துடைக்கலாம், வண்டியின் தட்டைச் சீரமைக்கலாம், மென்பொருளின் நினைவு இழப்பைச் சரிசெய்யலாம். இவையெல்லாம் காலமும் பணமும் இருந்தால் தீரக்கூடியவை. தீராத பகுதி வேறு. எம்.ஐ.டி. பேராசிரியர் ரிச்சர்ட் டி நுஃப்வில் 1994இலேயே சுட்டிக்காட்டியபடி, இத்தகைய அமைப்பில் காலி வண்டிகளைப் பகிர்வதுதான் மையச் சிக்கல். ஒரு தடத்தில் முதலில் உள்ள ஏற்றுமிடங்கள் காலி வண்டிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால், அதே தடத்தில் பின்னால் உள்ள ஏற்றுமிடத்துக்கு வண்டியே வராது. எந்த மோட்டாரும் நிற்கவில்லை, எந்தச் சென்சாரும் பழுதடையவில்லை, அமைப்பின் இயங்கு விகிதம் நூறு சதவீதம். ஆயினும் அந்தக் கடைசி ஏற்றுமிடத்தில் பெட்டிகள் காத்துக் கிடக்கும். நெரிசல் நேரத்தில், அதுவும் பல விமானங்கள் ஒரே சமயத்தில் வந்திறங்கும் மைய நிலையம் ஒன்றில், இது விதிவிலக்காக அல்லாமல் வழக்கமான நிலைமையாகவே இருக்கும். ஆகவே ஒவ்வொரு உறுப்பின் நம்பகத்தன்மையையும் தனித்தனியாக அளந்து பெருக்கிச் சேர்க்கும் எந்தக் கணக்கும் இந்தத் தோல்வியைக் காட்டாது. முழுச் சுமையில் முழு அமைப்பின் வரிசைகளையும் கணினியில் ஒப்புருவாக்கிப் பார்த்தால் மட்டுமே அது தெரியும்.

இந்த ஆபத்தைப் பற்றி எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. 1990இலேயே ஆலோசனை நிறுவனம் ஒன்று இவ்வளவு சிக்கலான அமைப்பு கூடாது என்று அறிக்கை அளித்திருந்தது. இதைவிட எளிய அமைப்பைக் கொண்டிருந்த ஜெர்மனியின் மியூனிக் விமான நிலையம், இரண்டு ஆண்டுகள் சோதனை செய்ததாகவும், திறப்புக்கு முந்தைய ஆறு மாதங்கள் இரவு பகலாக இயக்கிப் பார்த்ததாகவும் டென்வருக்குத் தெரிவித்திருந்தது. டென்வரின் கால அட்டவணையில் அத்தகைய இடைவெளியே விடப்படவில்லை. நடுவில் 1992 அக்டோபரில் திட்டத்தின் தலைமைப் பொறியாளர் இறந்துபோனார். விமான நிறுவனங்கள் வடிவமைப்பை மாற்றக் கேட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏற்கெனவே சோதித்த பகுதி மறுபடி சோதிக்கப்படாத பகுதியாயிற்று.

முடிவில் 1994 ஆகஸ்டில், இழுவை வண்டியும் டிராலியும் கொண்ட வழக்கமான மாற்று ஏற்பாட்டை ஐந்து கோடி டாலருக்கு மேல் செலவிட்டுக் கட்ட நகர நிர்வாகம் முடிவெடுத்தது. 1995 பிப்ரவரி 28 அன்று, பதினாறு மாதத் தாமதத்துக்குப் பிறகு, நிலையம் திறந்தது. தானியங்கி அமைப்பு ஒரே ஒரு கூடத்தில், யுனைடெட் நிறுவனத்தின் புறப்பாட்டு உடைமைகளுக்கு மட்டும் பயன்பட்டது. அதுவும் 2005இல் கைவிடப்பட்டது. பராமரிப்புக்கு மட்டும் மாதம் சுமார் பத்து லட்சம் டாலர் செலவாகியிருந்தது.

ஒரு கணக்கு

டென்வர் எழுப்பும் கேள்விகளை எண்களில் வைத்துப் பார்ப்பதற்கு, விளக்கத்துக்காக மட்டும் ஒரு சிறு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இது எந்த நிலையத்தின் தரவும் அல்ல. ஒரு பெட்டி கடக்க வேண்டிய பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக 40 உறுப்புகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் 99.95 சதவீத நேரம் இயங்குகிறது என்றும் கொண்டால், பாதை முழுவதும் இயங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 98 சதவீதம். நாளில் 18 மணி நேரம் இயங்கும் நிலையத்தில் மிச்சமுள்ள இரண்டு சதவீதம் 22 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த நிமிடங்கள் நண்பகல் ஓய்வில் வந்தால் யாருக்கும் தெரியாது. காலை நெரிசலில் வந்தால் பல விமானங்களின் பெட்டிகள் தங்கிப்போகும். இயங்கு விகிதம் இரண்டையும் ஒரே எண்ணாகவே எழுதிவைக்கும்.

இதற்குத் தீர்வாகப் பாதையை இரட்டிப்பது வழக்கம். இரண்டு தடங்களும் ஒரே நேரத்தில் நிற்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் நான்கு என்று காகிதத்தில் வரும். ஆனால் இரண்டுக்கும் ஒரே மின்வழியும் ஒரே கட்டுப்பாட்டு சர்வரும் இருந்தால் அந்தப் பெருக்கல் செல்லாது. அதைவிட முக்கியமானது, ஒரு தடம் நின்றபோது மற்றது எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பது. நெரிசல் வரத்து மணிக்கு 3,000 பெட்டிகள். ஒவ்வொரு தடத்தின் திறன் 1,800. ஒன்று 20 நிமிடம் நின்றால் 400 பெட்டிகள் தேங்கும்; சரியான பிறகு மணிக்கு 600 பெட்டிகள் உபரித் திறன் இருப்பதால் தேக்கம் தீர 40 நிமிடம் ஆகும். அதே தடங்களின் திறன் 1,650 மட்டும் என்றால் 450 பெட்டிகள் தேங்கும், உபரித் திறன் 300தான், தீர 90 நிமிடம் ஆகும். திறனில் பன்னிரண்டில் ஒரு பங்கு குறைந்ததற்கு மீட்சிக் காலம் இரண்டு மடங்குக்கும் அதிகமாகிறது. வடிவமைப்பின்போது செலவைக் குறைப்பதற்காக இந்தப் பங்குதான் முதலில் வெட்டப்படுகிறது என்பதால், மதிப்பீட்டாளர் மிகக் கூர்ந்து பார்க்க வேண்டிய இடமும் இதுவே.

இங்கே மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே கண்ட தேக்கத்தில், வரிசையில் காத்திருக்கும் எந்த ஒரு பெட்டியும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதப்படுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன்பே செக்-இன் செய்த பயணியின் பெட்டிக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. இணைப்பு விமானத்திலிருந்து இறங்கி, அடுத்த விமானத்துக்கு 45 நிமிடமே உள்ள பெட்டிக்கு அது முழு இழப்பு. உலக அளவில் தவறிப்போகும் உடைமைகளில் மிகப் பெரிய பங்கு விமானம் மாறும் பெட்டிகளுடையதாக இருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம். எனவே ஒரு நிலையத்தின் அமைப்பை மதிப்பிடும்போது, பெட்டிகள் எவ்வளவு கால இடைவெளியோடு அமைப்புக்குள் நுழைகின்றன என்ற பரவலைக் கேட்டு வாங்காமல் தரப்படும் எந்த நம்பகத்தன்மை எண்ணும் அரைகுறையானது.

ஹீத்ரோ: கன்வேயர் நன்றாகவே இருந்தது

லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் 2008 மார்ச் 27 அன்று திறக்கப்பட்டபோது அதன் உடைமை அமைப்பு மணிக்கு 12,000 பெட்டிகளைக் கையாளும் வகையில் அமைந்திருந்தது. டென்வரைப் போலன்றி இங்கே சோதனைகள் ஏராளமாக நடந்திருந்தன; ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் பயணிகளாக நடித்து ஒத்திகை பார்த்திருந்தனர். இருந்தும் திறந்த அன்றே செக்-இன் நிறுத்தப்பட வேண்டியதாயிற்று. அடுத்த பத்து நாட்களில் 500க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. சுமார் 42,000 பெட்டிகள் தம் உரிமையாளர்களோடு பயணிக்கவில்லை.

காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. காலையில் ஊழியர்கள் வாகனம் நிறுத்த இடம் தேடியும், பாதுகாப்புச் சோதனையில் காத்து நின்றும் தாமதமாக வந்தார்கள்; வந்தவர்களில் சிலரால் பணி ஒதுக்கும் கணினியில் நுழைய முடியவில்லை. ஏற்றுவதற்கு ஆள் இல்லாத சரிவுகளில் பெட்டிகள் நிரம்பின. சரிவு நிரம்பினால் அங்கு வர வேண்டிய பெட்டி திரும்பச் சுற்றுக்குப் போகும், சுற்று நிரம்பினால் உள்வரும் பெட்டிகள் நிற்கும். கன்வேயரில் பழுது எதுவும் இல்லாமலேயே கன்வேயர் ஸ்தம்பித்தது.

இவற்றுள் மதிப்பீட்டாளருக்கு மிக முக்கியமானது ஒரு சிறு மென்பொருள் விவரம். ஒவ்வொரு பெட்டியின் டேகிலும் பத்து இலக்க எண் ஒன்று பார்கோடாக அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணில் விமான எண்ணோ சேருமிடமோ கிடையாது. எந்த நிறுவனம் அதை வழங்கியது என்பதும் ஒரு வரிசை எண்ணும்தான் முக்கியமாக உண்டு. இந்த எண் கொண்ட பெட்டி இன்ன விமானத்துக்கு உரியது என்ற செய்தி, விமான நிறுவனத்தின் கணினியிலிருந்து தனியாக நிலையத்தின் அமைப்புக்கு வர வேண்டும். செய்தி வராவிட்டால் பெட்டி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், டேக் எவ்வளவு தெளிவாக வாசிக்கப்பட்டாலும், அது அமைப்புக்கு அடையாளம் தெரியாத பொருள். ஐந்தாம் முனையத்தின் சோதனைக் காலத்தில், சோதனையும் உண்மையான செய்திப் போக்குவரத்தும் கலந்துவிடாதபடி ஒரு வடிகட்டி பொருத்தப்பட்டிருந்தது. திறப்பு நாளில் அது அகற்றப்படவில்லை. அதனால் பிற நிறுவனங்களின் விமானங்களிலிருந்து மாறி வரும் பெட்டிகள் பற்றிய செய்திகள் அமைப்புக்கு எட்டவில்லை. அந்தப் பெட்டிகள் கைமுறைப் பிரிப்புக்கு ஒதுக்கப்பட்டு விமானத்தைத் தவறவிட்டன. பின்னர் ஏப்ரல் 5 அன்று, பயணியையும் பெட்டியையும் ஒத்துப்பார்க்கும் வேறொரு அமைப்பு செயலிழந்தது. சோதனை முடிந்த பெட்டிகள் சோதிக்கப்படாதவை என்று ஊழியர்களுக்குக் காட்டப்பட்டதால் அவை ஏற்றப்படவில்லை.

சோதனைக்காகச் சேர்க்கப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடே நடைமுறையில் தோல்விக்குக் காரணமானது என்பது வெறும் கவனக்குறைவாகத் தோன்றலாம். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. சோதனையில் இருந்த அமைப்பும் திறப்பு நாளில் இயங்கிய அமைப்பும் ஒன்றே என்பதை யாரும் நிறுவிக் காட்டவில்லை. அதை நிறுவிக் காட்டும்படி கேட்கும் பொறுப்பும் எந்த மதிப்பீட்டு நடைமுறையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதுதான் குறை. எத்தனை ஆயிரம் பெட்டிகளை ஓட்டிச் சோதித்தாலும், அந்தப் பெட்டிகளுக்கான செய்திகள் உண்மையான வழியில், உண்மையான தாமதத்தோடும் பிழைகளோடும் வராதவரை, சோதிக்கப்பட்டது கன்வேயர் மட்டுமே.

மதிப்பீட்டாளர் நிற்க வேண்டிய இடங்கள்

இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், மதிப்பீடு தொடங்க வேண்டியது உபகரணப் பட்டியலிலிருந்து அல்ல, பெட்டி தவறிப்போகும் வழிகளிலிருந்து. ஒரு பெட்டி நின்றுபோகலாம், தவறான சரிவுக்குப் போகலாம், அடையாளம் இழக்கலாம், சேதமடையலாம், அல்லது சரியாகப் போய்ச் சேர்ந்தும் ஏற்றப்படாமல் கிடக்கலாம். இவற்றுள் அடையாளம் இழப்பது பற்றித்தான் ஆவணங்கள் மிகக் குறைவாகப் பேசுகின்றன.

ஸ்கேனரைக் கடந்த பின் பெட்டியின் டேக் ஒவ்வோர் அடியிலும் வாசிக்கப்படுவதில்லை. பெல்ட் எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கணக்கிட்டு, இந்த நொடியில் இந்தப் பெட்டி இங்கே இருக்கும் என்று கட்டுப்பாட்டுக் கருவி ஊகித்துக்கொண்டே வருகிறது. அடுத்த ஒளிச் சென்சாரை அது எதிர்பார்த்த இடைவெளிக்குள் மறித்தால் ஊகம் உறுதியாகிறது. ஏற்றமான பெல்ட்டில் வழவழப்பான பெட்டி சற்று வழுக்கினாலும், சக்கரம் கீழ்நோக்கி இருந்து பெட்டி தானே உருண்டாலும், அடைப்பை நீக்க வந்த ஊழியர் ஒரு பெட்டியைக் கையால் தள்ளி வைத்தாலும், அது எதிர்பாராத நேரத்தில் சென்சாரை மறிக்கும். அமைப்பு அதை அடையாளம் தெரியாததாகக் குறித்து, ஊழியர் டேகைப் பார்த்துக் கையால் பதிவுசெய்யும் கைமுறைக் குறியீட்டு நிலையத்துக்கு அனுப்பும். பாதுகாப்புச் சோதனைப் பகுதியில் இது நேர்ந்தால் மறுபடி முதலிலிருந்து சோதனை. இந்த நிகழ்வு எந்தப் பழுதுப் பதிவேட்டிலும் ஏறாது, ஏனெனில் எதுவும் பழுதாகவில்லை. ஆனால் அதன் விளைவு கைமுறை நிலையத்தில் தெரியும். மணிக்கு 3,000 பெட்டிகளில் 5 சதவீதம் அடையாளமின்றி வந்தால் 150. ஒரு பெட்டிக்கு 20 நொடி வீதம் வேலை செய்யும் ஒரே ஊழியர் அதைச் சமாளிப்பார். 10 சதவீதமானால் 300. வரிசை ஒவ்வொரு நிமிடமும் நீளும். அடையாளம் காணப்படும் பெட்டிகளின் விகிதம் 95 சதவீதத்திலிருந்து 90க்கு இறங்கியதை மாத அறிக்கையில் சிறு சரிவாகவே பார்ப்பார்கள்.

பழுதுநீக்க நேரத்தையும் இதே போல் உடைத்துப் பார்க்க வேண்டும். சிக்கிய பெட்டி ஒன்றின் வாரை இழுத்து எடுக்க ஒரு நிமிடம் போதும். அடைப்பு என்று கட்டுப்பாட்டு அறையில் விளக்கு எரிவதற்கும், அதைப் பார்த்தவர் சரியான ஆளை அழைப்பதற்கும், அவர் தளங்கள் கடந்து நடந்து வருவதற்கும், பெல்ட்டை நிறுத்திப் பூட்டிவிட்டுக் கைவைப்பதற்கும் ஆகும் நேரம்தான் பெரும் பகுதி. தயாரிப்பாளர் தரும் சராசரிப் பழுதுநீக்க நேரம் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தையே குறிக்கிறது. நடைபாதை எங்கே, ஏணி எங்கே, நெரிசல் நேரத்தில் எத்தனை பேர் தரைத்தளத்தில் நிறுத்தப்படுகிறார்கள் என்பவை வரைபடத்தைப் பார்த்தும் நேரில் நடந்தும் சரிபார்க்க வேண்டிய விஷயங்கள். கருவிகளைவிட மலிவாக இவற்றை மேம்படுத்திவிடலாம்.

மனிதர்களின் பங்கை விட்டுவிட்டு இந்த மதிப்பீட்டைச் செய்ய இயலாது என்பதற்கு 2022 ஒரு தெளிவான சான்று. விமானப் போக்குவரத்துத் துறைக்குத் தகவல் தொழில்நுட்பச் சேவை தரும் சீட்டா (SITA) நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, ஆயிரம் பயணிகளுக்குத் தவறாகக் கையாளப்பட்ட உடைமைகள் 2007இல் 18.88 ஆக இருந்து படிப்படியாகக் குறைந்து வந்தன. 2022இல் அது முந்தைய ஆண்டைவிடக் கூர்மையாக உயர்ந்து 7.6 ஆனது. பெருந்தொற்றுக்குப் பிறகு பயணிகள் திரும்பிவிட்டார்கள், பணியிலிருந்து அனுப்பப்பட்ட ஊழியர்கள் அதே வேகத்தில் திரும்பவில்லை. கன்வேயர்களும் ஸ்கேனர்களும் பெரும்பாலும் பழையவையே. 2024இல் விகிதம் 6.3 ஆக இறங்கியது.

திறப்புக்குப் பிந்தைய கண்காணிப்புக்கு இன்று டென்வர் காலத்தில் இல்லாத ஒரு வசதி உண்டு. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் 753ஆம் தீர்மானம் 2018 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. பயணியிடமிருந்து பெறும்போது, விமானத்தில் ஏற்றும்போது, விமானம் மாறும் பகுதியில் ஒப்படைக்கும்போது, பயணியிடம் திருப்பித் தரும்போது என நான்கு இடங்களில் ஒவ்வொரு பெட்டியும் பதிவாக வேண்டும் என்று அது விமான நிறுவனங்களைக் கோருகிறது. இந்தப் பதிவுகளை விமானம் புறப்பட்ட நேரத்தோடு இணைத்தால், பெட்டியை அலகாகக் கொண்ட நம்பகத்தன்மையை நேரடியாகவே கணக்கிட முடியும். நடைமுறையில் தடையாக இருப்பது தொழில்நுட்பம் அன்று. நிலையத்தின் பதிவுகள் ஒருவரிடமும், விமான நிறுவனத்தின் பதிவுகள் மற்றொருவரிடமும், ஏற்றும் ஒப்பந்ததாரரின் பதிவுகள் மூன்றாமவரிடமும் இருப்பதுதான். தவறு எங்கே நேர்ந்தது என்று தெரிந்தால் இழப்பீட்டை யார் தருவது என்ற கேள்வியும் உடன் வரும் என்பதால், பகிரத் தயக்கம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே இந்தப் பகிர்வைக் கட்டாயமாக்கிவிடுவது நல்லது. பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

ஏற்புச் சோதனையின் நிபந்தனைகள்

ஆகவே, அமைப்பை நிலையம் ஏற்றுக்கொள்ளும் முன் நடத்தும் ஏற்புச் சோதனைக்கு நான் பரிந்துரைப்பது இது. வடிவமைப்பு நெரிசலுக்குச் சமமான பெட்டிகள், குறைந்தது இரண்டு மணி நேரம் தொடர்ந்து, உண்மையான விமான அட்டவணையின் விகிதத்தில் விமானம் மாறும் பெட்டிகளையும் சேர்த்து ஓட்டப்பட வேண்டும். பெட்டிகள் சோதனைக்கென்று வாங்கிய ஒரே அளவுக் கடினப் பெட்டிகளாக இல்லாமல், தோள்பைகள், தொங்கும் வார்கள், கசங்கிய டேகுகள், மென்மையான மூட்டைகள் கலந்தவையாக இருக்க வேண்டும். பெட்டி பற்றிய செய்திகள் விமான நிறுவனங்களின் உண்மையான கணினிகளிலிருந்து வர வேண்டும், அவற்றில் ஒரு பகுதி தாமதமாகவும் ஒரு பகுதி வராமலும் போகுமாறு வேண்டுமென்றே செய்ய வேண்டும். சோதனையின் நடுவில், முன்னறிவிப்பின்றி, ஒரு தடம் நிறுத்தப்பட வேண்டும். மற்றொரு நாள் கட்டுப்பாட்டு சர்வர். ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியது எத்தனை நிமிடத்தில் இயந்திரம் மீண்டது என்பது மட்டுமன்று, எத்தனை பெட்டிகள் தம் விமானத்துக்கான நேரத்தைத் தவறவிட்டன, கடைசித் தேக்கம் எப்போது தீர்ந்தது என்பதும்தான். சோதனை முடிந்தபின் மென்பொருளிலும் அமைப்புகளிலும் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் பட்டியலிடப்பட்டு, சோதனைக்கென்று சேர்த்தவை யாவும் அகற்றப்பட்டன என்று பெயரிட்ட ஒருவர் கையொப்பமிட வேண்டும். அதன் பிறகு சோதனையின் ஒரு பகுதியேனும் திரும்ப நடத்தப்பட வேண்டும்.

தரவில்லாமல் முன்வைக்கப்படும் ஓர் எதிர்வாதம் உண்டு: இவ்வளவு சோதனைக்குக் காலம் இல்லை என்பது. டென்வரில் தாமதத்தின் செலவு நாளொன்றுக்குச் சுமார் பத்து லட்சம் டாலர். மியூனிக் செலவிட்ட ஆறு மாதத்தை டென்வரும் தொடக்கத்திலேயே அட்டவணையில் ஒதுக்கியிருந்தால், திறப்பு நாள் தள்ளித்தான் போயிருக்கும். ஆனால் பதினாறு மாதம் போயிருக்காது, நான்கு முறை அறிவித்து நான்கு முறை திரும்பப் பெறவும் நேர்ந்திருக்காது.

கைமுறை மாற்று ஏற்பாட்டையும் இதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். பெரும்பாலான நிலையங்களின் அவசரத் திட்டத்தில் இழுவை வண்டிகளும் டிராலிகளும் கைப்பிரிப்பும் எழுதப்பட்டிருக்கின்றன, ஆனால் நெரிசல் வரத்தில் எத்தனை சதவீதத்தை அவை சமாளிக்கும் என்ற எண் எழுதப்பட்டிருப்பதில்லை. அந்த எண்ணை ஒத்திகை நடத்தித்தான் பெற முடியும். வண்டிகள் எத்தனை ஓடும் நிலையில் உள்ளன, ஓட்டுநர்கள் எத்தனை பேர் அழைத்த ஒரு மணி நேரத்துக்குள் வந்துசேர்வார்கள், டேகைக் கண்ணால் வாசித்து எந்த விமானம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்பவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது பெட்டிகளை உண்மையாகவே நகர்த்திப் பார்த்து எழுதி, அந்த எண்ணை அமைப்பின் நம்பகத்தன்மைக் கணக்கிலேயே ஓர் உறுப்பாகச் சேர்க்க வேண்டும்.